பதினைந்தாவது கோல்

வேங்கிக்காலில் மணிவேல் வீடு எது என்று கேட்டால் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் புது மனைகளில் யாரும் கையைக் காட்டிவிடுவார்கள். அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால்தான் தொல்லை. பணக்காரர்களுக்குப் பந்து பொறுக்குகிறார் என்பார் பால்காரர். ஹாக்கி மாதிரி ஒன்று, ஆனால் ஓட வேண்டியதில்லை என்பார் எதிர்வீட்டு வாத்தியார். இரண்டு தடவை இந்தியாவுக்கே முதல் ஆளாக வந்த கோல்ஃப் ஆட்டக்காரர் என்று சொன்னால், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் மேல் குற்றமில்லை. திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்தில் அந்த ஆட்டத்துக்கு மைதானம் கிடையாது. புல் முளைத்தால் மறுநாளே மாடு மேய்ந்துவிட்டுப் போய்விடும்.

அருணாதேவியைப் பெண் கேட்டு வந்தபோது "மெட்ராஸ்ல பெரிய கிளப்புல இருக்காரு" என்றுதான் சொன்னார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்த ஆட்டத்தைப் பற்றி அவள் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். ஊரில் எல்லாருக்கும் ஜாஸ்தி வந்தால் சந்தோஷம், இவருக்குக் கம்மி வந்தால் சந்தோஷம். எத்தனை குறைந்த அடியில் பந்து குழியில் விழுகிறதோ அத்தனை நல்லது. பெரிய ஆட்டம் என்றால் நான்கு நாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எல்லாரும் ஆடுவார்கள். வெள்ளி சாயங்காலம் பாதிப் பேரைக் கழித்துவிடுவார்கள். நின்றவர்கள் ஞாயிறு வரை ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வீட்டுக்கு வருவார்கள். கழிந்தவர்கள் சனிக்கிழமை பஸ் ஏறிவிடுவார்கள். ஆகவே அருணாதேவிக்கு அந்த ஆட்டத்தில் இரண்டே கிழமைகள். திங்கள் நல்லது, சனி கெட்டது.

மணிவேலுக்குப் பூர்வீகம் கீழ்பென்னாத்தூருக்கு மேற்கே ஒரு கிராமம். பஞ்சகாலத்தில் அவரும் அடுத்த தெருச் சுப்பனும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை ஏற்றிய லாரியில் ஏறி மெட்ராஸ் போனவர்கள். கோல்ஃப் மைதானத்தில் துரைமார்களின் கோல் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற வேலை கிடைத்தது. திங்கட்கிழமைகளில் பை தூக்குகிறவர்களும் ஆடலாம் என்று அங்கே ஒரு வழக்கம். அந்தத் திங்கட்கிழமைகளில் ஆடி ஆடித்தான் மணிவேல் ஆட்டக்காரர் ஆனார். சுப்பனுக்கு ஆட்டம் வரவில்லை. மணிவேலின் பையைத் தூக்கினான். தொண்ணூற்றொன்றிலும் தொண்ணூற்று மூன்றிலும் மணிவேல் கோப்பை வாங்கியபோது இரண்டடி பின்னால் பையோடு நின்றது அவன்தான்.

கோப்பையை விடப் பெரிதாக வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது கண்ணாடி போட்ட ஒரு பேப்பர் செய்தி. தொண்ணூற்று மூன்று ஆட்டத்தில் புதருக்குள் கிடந்த பந்து அவர் கால் பட்டு அரை அங்குலம் நகர்ந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. அவரே நடுவரைக் கூப்பிட்டுச் சொல்லி ஓரடி தண்டம் ஏற்றுக்கொண்டார். அப்படியும் ஜெயித்தார். ஆட்டம் புரியாத ஊர்க்காரர்களுக்கும் இது புரிந்தது. பெண் எடுக்க, பஞ்சாயத்துப் பேச, ஜாமீன் போட என்று ஆள் தேடி வந்தார்கள். "மணிவேலு பொய் சொல்ல மாட்டான்" என்பது ஊரில் ஒரு சொல்வழக்கு ஆகிவிட்டது.

அதெல்லாம் அப்போது. பிறகு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தொண்ணூற்றாறிலிருந்து வரிசையாகச் சனிக்கிழமைகள். வருஷ முடிவில் முதல் அறுபது பேருக்குத்தான் அடுத்த வருஷ ஆட்டங்களில் இடம். தொண்ணூற்றெட்டு புரட்டாசியில் மணிவேல் அறுபத்திரண்டாவது ஆளாக நின்றார். பாக்கியிருந்தது பெங்களூர் ஆட்டம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை கழியாமல் நின்றுவிட்டால் போதும், அறுபதுக்குள் வந்துவிடலாம். இல்லாவிட்டால் பதினான்கு வயதில் தொடங்கியது முப்பத்தெட்டில் முடிந்தது. அந்த மாசம் முழுக்க வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பத்தாவது படிக்கிற மகள் கவிநிலாகூட அப்பா எதிரில் கேலண்டரைப் பார்ப்பதில்லை.

வியாழக்கிழமை காலை ஏழரைக்குப் பெங்களூரில் ஆட்டம். அதற்கு முந்தின நாள் புதன்கிழமை ஆயுத பூஜை. பஞ்சாங்கம் எழுதியவருக்கும் கோல்ஃப் சங்கத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் வந்த வினை.

"பூஜைக்கு வெச்ச ஆயுதத்த அன்னிக்கே எடுத்தவன் எவன் உருப்பட்டிருக்கான்?" என்று மணிவேலின் அம்மா சந்திரம்மாள் ஒரு வாரமாக அரைத்த மாவையே அரைத்தாள். நாளைக்கு விடிகாலை அங்கே நிற்க வேண்டும் என்று மகன் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசியில் விடியற்காலையில் பூஜை போட்டு, மத்தியானம் மஞ்சள் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வது என்று ராஜியானது.

அரிவாள்மனை, கடப்பாரை, தையல் மிஷின், கவிநிலாவின் புத்தகக் கட்டு எல்லாவற்றுக்கும் விபூதி பூசிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மொபெட்டுக்கு வாழைக்கன்று கட்டினார்கள். சுவரோரம் புதுத் துண்டு விரித்து மணிவேலின் கோல்களைச் சாய்த்து வைத்தார்கள். பதினான்கு கோல். சந்திரம்மாள் மாடிக்குப் போய்ப் பதினைந்தாவதாக ஒன்றைக் கொண்டுவந்து கூட வைத்தாள். அது மணிவேல் பையனாக இருந்தபோது மெட்ராஸ் டாக்டர் ஒருவர் கொடுத்த பழைய இரும்புக் கோல். அவர் முதன்முதலாகக் கையில் பிடித்தது அதைத்தான். இப்போது மாடியில் வடகம் காயப்போட்டால் குரங்கு விரட்டுவதற்கு அதைத்தான் வைத்திருந்தார்கள்.

மத்தியானம் மணிவேல் ஈரத்துணியை எடுத்துப் பதினான்கு கோலிலும் பொட்டை அழுத்தித் துடைத்துப் பைக்குள் போட்டார். கோல் முகத்தில் எது ஒட்டியிருந்தாலும் ஆட்டத்தில் தப்பாம். சந்திரம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மணிவேல் ஆட்டோக்காரரைக் கூப்பிட வெளியே போனதும் மருமகளின் கையைப் பிடித்தாள்.

"இத பாரு அருணா. ஒண்ணா வெச்சத ஒண்ணாத்தான் எடுக்கணும். இவன் பதினாலத் தூக்கிகினு ஒண்ண மட்டும் தனியா உட்டுட்டுப் போறான். பூஜைக்கு வந்த அம்மா அது கூடயே நின்னுக்குவா. அவன் கூடப் போவ மாட்டா."

வேறு சமயமாக இருந்தால் அருணாதேவி சிரித்துவிட்டுப் போயிருப்பாள். மாமியார் சொல்லுக்கெல்லாம் ஆடுகிறவள் இல்லை அவள். ஆனால் மூன்று வருஷச் சனிக்கிழமைகள் அவளைச் சிரிக்க விடவில்லை. அந்தப் பழைய கோலைக் குங்குமத்தோடு எடுத்து மற்றவற்றின் நடுவில் செருகி, உறையை மூடி ஜிப்பை இழுத்தாள். பக்தியில் செய்தாள் என்று சொல்ல முடியாது. பயத்தில் செய்தாள். ஆட்டோவில் பையைத் தூக்கி வைத்தபோது மணிவேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்ததும், செய்தது நல்லதுதான் என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டில் சுப்பன் காத்திருப்பான், இனி அவன் பார்த்துக்கொள்வான்.

மறுநாள் விஜயதசமி. பத்து மணிவாக்கில் அருணாதேவியின் அண்ணன் சக்கரபாணி வந்தான். கலெக்டர் ஆபீசில் கிளார்க். விதிமுறை என்றால் அவனுக்கு வெல்லம். சட்டம், சுற்றறிக்கை, ரேஷன் கார்டின் பின்பக்கம் எதையும் விடாமல் படிப்பான். மச்சானின் கோல்ஃப் விதிப் புத்தகத்தையும் ஒரு மழைக்காலத்தில் வாங்கிக்கொண்டு போய் அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தான்.

முதல் நாள் மீந்த பொரியையும் கடலையையும் தட்டில் வைத்தாள் அருணாதேவி. பேச்சோடு பேச்சாக, பழைய கோலையும் அனுப்பிவைத்த கதையைச் சொன்னாள். சக்கரபாணி பொரியை மெல்வதை நிறுத்தினான்.

"பையில ஏற்கெனவே எத்தன இருந்துச்சு?"

"பதினாலு."

"அப்ப பதினஞ்சு."

"ஆமா. அதுக்கு இன்னா?"

"பதினாலுக்கு மேல இருக்கக்கூடாதும்மா. இருந்தா ஆடற ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு அடி தண்டம். ஒரு நாளைக்கு நாலு அடி வரைக்கும் போடுவாங்க."

"அத எடுத்து அவரு அடிக்கவே மாட்டாரே. குரங்கு வெரட்டற கோலுண்ணா அது."

"அடிக்க ஓணாம். பையில இருந்தாலே போதும்."

நான்கு அடி என்றால் என்ன என்று இப்போது அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கழிக்கும்போது ஓரடியில் போனவர்கள், அரை நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் கதையெல்லாம் அவர் சொல்லியிருக்கிறார். சக்கரபாணி டெலிபோனை எடுத்துப் பெங்களூர் கிளப்புக்குப் போட்டான். மூன்று தடவை இங்கிலீஷில் மன்றாடினான். ஆடிக்கொண்டிருப்பவருக்கு வெளியிலிருந்து எந்தத் தகவலும் சொல்ல முடியாது, சாயங்காலம் பேசுங்கள் என்று மூன்று தடவையும் ஒரே பதில் வந்தது.

"சுப்பன் எண்ணுவாருல்ல?" என்றாள்.

"எண்ணுவான். அவன் வேலையில மொத வேலையே அதான். ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாத்து எடுத்து வெளிய வெச்சிட்டா ஒண்ணும் கெடையாது."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்றைய பகலை ஓட்டினாள். சுப்பன் எண்ணியிருப்பான். இருபது வருஷமாக எண்ணுகிறவன். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணிக்கையில் புலி. சந்தையில் மல்லாட்டை மூட்டையைக் கண்ணால் எண்ணிச் சொல்லிவிடுவான். சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு இதையே நினைத்தாள், சோறு குழைந்துவிட்டது. மணிவேல் வெளியூர் ஆட்டங்களிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் செய்வார். ஏழு ஆனது. ஏழேகாலுக்கு மணி அடித்தது. ஓடிப்போய் எடுத்தால் கவிநிலாவின் தோழி, கணக்கு நோட்டு கேட்டாள். அப்புறம் போன் அடிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சக்கரபாணி பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் இங்கிலீஷ் பேப்பரை வாங்கிக்கொண்டு நேராக வந்தான். அவன் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே அருணாதேவிக்குத் தெரிந்துவிட்டது. விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் ஏழு வரி. அவன் தமிழில் சொல்லச் சொல்ல அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முன்னாள் சாம்பியன் மணிவேல் மூன்றாவது குழியைத் தொடங்கும் முன் பையில் ஒரு கோல் கூடுதலாக இருப்பதைக் கண்டு, தாமாகவே நடுவரை அழைத்துத் தெரிவித்தார். நான்கு அடி தண்டம். பை தூக்குபவர் எண்ணத் தவறிவிட்டார். நேர்மைக்குப் பேர்போன மணிவேல் பை தூக்குபவரை மாற்றிவிட்டதாகத் தெரிகிறது.

"மாத்திட்டாருன்னா?" என்றாள்.

"அனுப்பிட்டாருன்னு அர்த்தம்."

சந்திரம்மாளுக்கு விஷயம் புரிந்ததும் முதலில் சொன்னது, "நான் எடுத்துக் குடுத்தனுப்புன்னுதான் சொன்னேன். பையிலயே சொருகுன்னு சொன்னனா?" என்பதுதான். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சக்கரபாணி தங்கையைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"நீ வாயத் தொறக்காத. போனது போச்சு. சுப்பன் பேருல இருக்கு, இருக்கட்டும். உன் பேருக்கு வந்துச்சுன்னா மாப்ள இந்த ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாரு. ரெண்டு மாசம் போனா அவனையே திரும்பக் கூப்ட்டுக்குவாரு."

அன்று சாயங்காலம் போன் வந்தது. மணிவேல் இல்லை. கீழ்பென்னாத்தூர் பூத்திலிருந்து சுப்பனின் மனைவி எல்லம்மாள்.

"யக்கா, ராத்திரி பஸ்சுல வந்துட்டாருக்கா. எண்ணாம உட்டுட்டேன், இனிமே வராதன்னு அண்ணன் சொல்லிட்டாருன்றாரு. வேற ஒரு வார்த்த பேசல. டீக்கடையில ஆளுங்க, ‘டீ எத்தன சுப்பா, எண்ணிச் சொல்லு’ன்னு சிரிக்கறாங்களாம். எப்டிக்கா தப்பும்? வூட்ல கோழி அடஞ்சா கூட ரெண்டு வாட்டி எண்றவருக்கா."

நான்தான் வைத்தேன் என்ற வார்த்தை அருணாதேவியின் தொண்டைவரை வந்தது. "அவரு வரட்டும் எல்லம்மா, நான் பேசறேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகு தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. புருஷன் பொழைப்பையும் கெடுத்து, இன்னொருத்தி புருஷன் பேரையும் கெடுத்து, இரண்டுக்கும் நடுவில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைத்தாள். இன்னும் ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. நான்கு அடியையும் தாண்டி அவர் நின்றுவிட்டால், சனிக்கிழமை வராமல் இருந்துவிட்டால், எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டரைக்கு ஆட்டோ வந்து நின்றது. மணிவேல் தானே பையை இறக்கித் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ரெண்டு அடி" என்றார். இரண்டு அடியில் போய்விட்டதாம். வெள்ளிக்கிழமை ஆட்டம் நன்றாகவே இருந்ததாம். யாரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சந்திரம்மாள் தூணோரம் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். பிறகு, சும்மா இருந்திருக்கலாம், ஆனால் பயந்த நாக்கு சும்மா இருக்காது.

"அந்தச் சுப்பன் எப்பவுமே இப்டித்தான். கவனம் கெட்டவன். கண்ணு எங்க வெச்சிருந்தானோ" என்றாள்.

அருணாதேவி கையிலிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள்.

"நான்தாங்க வெச்சேன்" என்றாள். "அத்தய சொல்லாதீங்க. அவங்க சொன்னாங்க, ஆனா கை என்னுது. நீங்க ஆட்டோ கூப்டப் போனப்ப நான்தான் பையில சொருகுனேன். சுப்பன் மேல தப்பு இல்ல. என்ன என்னா வோணாலும் பண்ணுங்க."

மணிவேல் நிமிர்ந்து பார்க்கவில்லை. சோற்றைப் பாதியில் விட்டுக் கையைக் கழுவினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி மொட்டை மாடிக்குப் போனார். அவருக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததில்லை. அதனால் எப்படிப்பட்ட கோபம் என்று தெரியாமல் கீழேயே நின்றாள். சந்திரம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அருணாதேவி மேலே போனாள்.

மலை உச்சி மேகத்துக்குள் இருந்தது. மணிவேல் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தார்.

"உக்காரு" என்றார். அவள் உட்காரவில்லை.

"நீ வெச்சதுக்குத் தண்டம் கெடையாது அருணா. சுப்பன் எண்ணுனான்."

அவளுக்குப் புரியவில்லை.

"ஆட்டத்துக்கு அரை மணி முன்னாடியே எண்ணுனான். ரெண்டு வாட்டி எண்ணுனான். ‘அண்ணா, பதினஞ்சு கீது, குரங்குக் கோலும் வந்துடுச்சு, ஓடிப்போய் ரூம்ல வெச்சிட்டு வரேன்’னான். நான் பாத்தேன். கோல்ல குங்குமம் இருந்துச்சு. இருக்கட்டும்டான்னேன்."

"ஏங்க?"

"ஏன்னு கேட்டா இன்னா சொல்றது. மூணு வருஷமா எது பண்ணாலும் கை கூடல. டாக்டரு, மாத்திர, புதுக் கோலு, எல்லாம் பாத்தாச்சு. சாமியே கூட வந்துட்டாப்ல இருந்துச்சு. ரெண்டே ரெண்டு குழி கூட வரட்டும், அப்பறம் எடுத்துடலாம்னு நெனச்சேன். யாரு எண்ணப்போறா? சுப்பன், ‘ஓணாம்ணா, ஓணாம்ணா’ன்னு ரெண்டு வாட்டி சொன்னான். ரெண்டு குழியும் நல்லா வந்துச்சு. ரெண்டுலயும் ஒவ்வொரு அடி கம்மி. அப்பத்தான் பயம் வந்துச்சு. இதால ஜெயிச்சா இது திருட்டுன்னு தோணுச்சு. நடுவரக் கூப்ட்டேன்."

"அதான் சொல்லிட்டீங்கல்ல. பேப்பர்ல கூட அப்டித்தான்..."

"எப்பப் பாத்தீங்கன்னு கேட்டாரு. இப்பத்தான்னேன். தெரிஞ்சே வெச்சிருந்தேன்னு சொன்னா ஆட்டத்த உட்டே தூக்கிடுவாங்க. பேரும் போயிடும். அதான் பொய் சொன்னேன். யாரு எண்ணுனதுன்னு கேட்டாரு. நான் சுப்பனப் பாத்தேன். பாக்கத்தான் செஞ்சேன், ஒண்ணும் சொல்லல. அவன் தலையக் குனிஞ்சிகினு, ‘நான்தான் சார், எண்ண மறந்துட்டேன்’னான். நான் நின்னுகினு இருந்தேன்."

"அப்பறம் ஏன் அவர அனுப்புனீங்க?"

"அவன் மூஞ்சியப் பாத்துகினு என்னால ஆட முடியல."

மூன்று நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்த பயம் ஒரே மூச்சில் இறங்கியது. தன்னால் இல்லை என்று தெரிந்ததில் மனசு லேசானது என்பதை அவளால் மறைத்துக்கொள்ள முடியவில்லை. லேசான மறுநொடியே கோபம் வந்தது. கூடத்தில் கண்ணாடிக்குள் தொங்குகிறவரை நினைத்துத்தான் மூன்று நாளும் அவள் நடுங்கினாள். இங்கே உட்கார்ந்திருப்பது அவரில்லை, இடுப்பு வலிக்கிற, பயந்துபோன ஒரு மனுஷன். அவள் பயந்து செய்த அதே காரியத்தை அவரும் பயந்து செய்திருக்கிறார். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"எல்லம்மா போன் பண்ணுச்சு" என்று டீக்கடைப் பேச்சைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "காலையில போலாம். நானும் வரேன்" என்றாள். மணிவேல் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்பென்னாத்தூரில் பஸ்சை விட்டு இறங்கி ஒன்றரை மைல் நடந்தார்கள். சுப்பன் வீடு பூட்டியிருந்தது. ஊருக்கு வெளியே கொல்லை நிலத்தில் மல்லாட்டை பிடுங்குகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இரண்டு நாளாக மேகம் கட்டிக்கொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும் என்று ஊரே கொல்லையில் குனிந்து கிடந்தது. சுப்பன் செடியைப் பிடுங்கி மண் உதறி வரிசையாகப் போட்டுக்கொண்டு போனான். வேப்பமர நிழலில் எல்லம்மாளும் ஏழெட்டுப் பெண்களும் செடியைச் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. எல்லம்மாள் "வாங்கக்கா" என்றாள். மணிவேலை வாங்க என்று சொல்லவில்லை.

மணிவேல் செருப்பை வரப்பில் கழற்றி வைத்துவிட்டுக் கொல்லைக்குள் இறங்கினார். சுப்பனுக்குப் பக்கத்துச் சாலில் குனிந்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. முகத்தைச் சுளித்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தார்.

"உடுண்ணா" என்றான் சுப்பன். "உன்னால ஆவாது."

"சுப்பா, நான் சக்கரபாணி மச்சான உட்டு லெட்டர் எழுதப் போறேன். சங்கத்துக்கு ஒண்ணு, அந்தப் பேப்பருக்கு ஒண்ணு. நீ எண்ணிச் சொன்ன, நான்தான் தெரிஞ்சே வெச்சிருந்தேன்னு."

சுப்பன் கையிலிருந்த செடியை உதறினான். மண் போனதும் காய்களை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போட்டான்.

"எழுதுனா உன் பேரு போயிடும்ணா."

"போவட்டும். ஆட்டமே போயிடுச்சு."

"எழுது, எழுதாத, அது உன் இஷ்டம். இங்கிலீசு பேப்பர எங்கூர்ல எவன் படிக்கறான்?" சுப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். முதல் தடவையாக மணிவேலை நேராகப் பார்த்தான். "இருவத்தி நாலு வருஷமா உன் பின்னாடி நடந்தேன். நீ அடிச்சது உன் பேருல, நான் எண்ணுனது என் பேருல. எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். எனக்கு லெட்டரு ஓணாம். அதோ எல்லம்மா உக்காந்துகினு கீறா. அவகிட்ட சொல்லு, நான் எண்ணுனேன்னு. அந்தப் பொம்பளைங்களுக்கும் கேக்கறாப்ல சொல்லு."

சொல்லிவிட்டுத் திரும்பி அடுத்த செடிக்குக் குனிந்துகொண்டான்.

மணிவேல் வேப்பமரத்தைப் பார்த்து நடந்தார். கோப்பை வாங்கிய மேடைகளில் நாலு இங்கிலீஷ் வார்த்தை பேசக் கூசாதவர் அங்கே போய் நின்றதும் பேச்சு வராமல் தவித்தார். அருணாதேவிக்கு அவர் கையைப் போய்ப் பிடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது. பிடிக்கவில்லை. இதை அவர்தான் சொல்ல வேண்டும்.

"எல்லம்மா" என்றார். கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். "எல்லம்மா, அவன் எண்ணுனான். ரெண்டு வாட்டி எண்ணுனான். பதினஞ்சு இருக்குது, எடுத்துடறேன்னு சொன்னான். நான்தான் இருக்கட்டும்னேன். அப்பறம் நடுவரு கேட்டதும் அவன் மேல பழி உழறத பாத்துகினு நின்னேன். தப்பு என்னுது. அவனுது இல்ல."

காய் ஆயும் கைகள் எல்லாம் நின்றிருந்தன. எல்லம்மாள் மடியில் இருந்த செடியைக் கீழே வைத்தாள். முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு கொல்லைக்குள் குனிந்திருந்த புருஷனைப் பார்த்தாள். "பாவி மனுஷா, எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா" என்று சொல்லியபடி அழத் தொடங்கினாள். சுப்பன் அப்போதும் நிமிரவில்லை. செடியைப் பிடித்த கை மட்டும் இழுக்காமல் நின்றது.

கடைசியில் உட்கார்ந்திருந்த வயசான பெண் ஒருத்தி, காதோரம் கையைக் குவித்துக்கொண்டு மணிவேலைப் பார்த்துக் கேட்டாள்.

"காது சரியாக் கேக்கல சாமி. யாரு எண்ணுனதுன்ன?"

"சுப்பன்" என்றார் மணிவேல், கொல்லை முழுக்கக் கேட்கும்படி. "சுப்பன் எண்ணுனான்."